ஏதென்ஸ் சாரின் தலைக்கட்டு

ராஜபாளையம் வடக்குத்தெருவில் போய்ச் சுந்தரபாண்டியன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சுந்தரபாண்டியன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஏதென்ஸ் சார் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய மனிதர். அசோகர், அக்பர் எல்லாரையும் பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு நடத்தி ஒப்பேற்றிவிடுவார். பெரிக்ளீஸ் வந்துவிட்டால் மட்டும் மணி அடித்தது காதில் விழாது. கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் என்ற ஊரை இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தன் பேச்சாலேயே ஆண்டவர் பெரிக்ளீஸ். ராஜா கிடையாது. ஊர்ச்சபை வருஷா வருஷம் தேர்ந்தெடுத்த தளபதிகளில் ஒருத்தர், அவ்வளவுதான்.

"ஏலே, கொல்லனும் குயவனும் சபையில வந்து ஒக்காந்து ஊரை ஆளட்டும்னு வழி பண்ணுனவருலே அவரு" என்று சாக்பீஸால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். அது அவர் கண்ணில் படாது.

அந்த ஏதென்ஸ் சார்தான் போன பங்குனிப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தான் முப்பது வருஷமாகத் தலைவராக இருக்கிற சபையின் முன்னாலேயே, தன் மகனுக்காகக் கையேந்தி நின்றார்.

எதற்காக என்று புரிய வேண்டுமானால் தெருவின் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். வடக்குத்தெரு உறவின்முறைக்கு ஒரு தலைக்கட்டு நோட்டு உண்டு. இருபத்தொரு வயது முடிந்த ஆம்பளை ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு வரி. அதில் பேர் இருந்தால் சபையில் பேசலாம், ஓட்டுப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவுக்குச் சொந்தமான சுடுகாட்டில் கொள்ளி வைக்கலாம். பேர் இல்லாதவன், பெற்ற தகப்பனுக்கே ஆனாலும், அந்த மதில் சுவரைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் செத்தவருக்குச் சபையில் சீட்டுக் குலுக்குவார்கள். எவன் பேர் விழுகிறதோ அவன் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிப்பான்.

சார் தலைவராக வந்தபோது அந்தப் பதவி ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. அதை உடைத்தவர் அவர். பெரிக்ளீஸ் செய்ததை ஒன்றுவிடாமல் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினார். கமிட்டிக்கு ஆள் எடுப்பது சீட்டுப் போட்டு. முடிவு எடுப்பது ரகசிய ஓட்டில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. புளி என்றால் சம்மதம், வேம்பு என்றால் மறுப்பு. செப்புக் குடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தை மண்பானையில் கழித்துவிட வேண்டும். "நம்மூர்லயே குடவோலை இருக்கையில கிரேக்கத்துக்கு எதுக்கு அண்ணாச்சி போகணும்?" என்று கேட்டார் சமுத்திரம். பஞ்சு தரகு செய்கிறவர், சபையின் செயலாளர், சாருக்கு டவுசர் காலத்துக் கூட்டாளி. அந்த ஒரு கேள்விக்குச் சார் முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். அதற்குப் பிறகு சமுத்திரம் அவரிடம் சந்தேகமே கேட்டதில்லை.

மில் தொழிலாளிகள் ஷிப்டை விட்டுவிட்டுச் சபைக்கு வந்தால் அரைநாள் கூலி என்று சட்டம் போட்டார். அதுவரை கடைக்காரர்களும் தரகர்களும் மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டிருந்த சபையில், தலையில் பஞ்சுத் தூசியோடு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மன் கோயில் நிதியைத் திருப்பிக் கல்தூண் வைத்த மண்டபம் கட்டினார். அம்மனுக்குச் சேர்ந்ததை இவர் கல்லாக்கிவிட்டார் என்று ஏச்சு விழுந்தது. கூட்டாளி ஊர்களின் பணத்தில் கோயில் கட்டினார் என்று பெரிக்ளீஸுக்கும் இதே ஏச்சு விழுந்ததாம். அதில் சாருக்கு ஒரு தனி சந்தோஷம். ஒன்றும் பொய்யில்லை, நல்லது நிறையச் செய்தார். அந்த மண்டபத்தில்தான் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாலி ஏறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூலி கிடைக்கிறது, மண்டபம் இலவசம் என்றதும் நோட்டில் பேர் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். வெளியூரில் பிழைக்கப் போனவர்கள், வேற்றாளைக் கட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். இருக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சார் எழுந்து, தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இந்தத் தெரு நோட்டுக் குடும்பமாக இருந்தால்தான் பிள்ளைக்குத் தலைக்கட்டு என்று ஒரு விதி கொண்டுவந்தார். இதுவும் பெரிக்ளீஸ் போட்ட சட்டம்தான். தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று அவரும் போட்டார். குடம் நிறையப் புளியங்கொட்டை விழுந்தது.

அந்த விதியில் முதல் அடி வாங்கியவன் மாரிசெல்வம். சாரிடமே பத்தாம் வகுப்புப் படித்தவன், அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் தகப்பன் இந்தத் தெரு. தாய் இருளம்மாள் வத்திராயிருப்புப் பக்கம், வேற்றாள், காதலித்துக் கட்டி வந்தவள். இரண்டு வருஷமாக நோட்டில் இருந்த பேரைச் சிவப்பு மையில் அடித்தார்கள். சபையில் எழுந்து நின்று, "சார், நான் பொறந்ததே இந்தத் தெருவுலதான சார்?" என்று கேட்டான். சார் அன்றைக்குப் பேசிய பேச்சு இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வீட்டுக்காக வளைந்தால் அது விதி இல்லை, கோரைப்பாய் என்றார். கைதட்டல் விழுந்தது. ஒன்பது வருஷம் கழித்து மாரிசெல்வத்தின் தகப்பன் செத்தபோது, சீட்டில் விழுந்த எவனோ ஒருவன் கொள்ளி வைத்தான். மாரிசெல்வம் மதில் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று புகையைப் பார்த்தான். சாரும் அன்றைக்கு உள்ளே இருந்தார். அவன் அங்கே நிற்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விதி போட்ட மறு வருஷம் சாரின் சம்சாரம் படுத்த படுக்கையானாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம். அங்கே நர்ஸாக இருந்தவள் கிருபாபாய். சம்சாரம் போய்ச் சேர்ந்தபிறகும் சாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட முடியவில்லை. மனிதர் பேசினால் கேட்கிற பெண் அதுவரை அவர் வாழ்க்கையில் வாய்க்கவில்லை. கேட்பது மட்டுமில்லை, குறுக்குக் கேள்வியும் கேட்பாள். பதிவுத் திருமணம் நடந்தது. மூத்த தாரத்துப் பிள்ளைகள் பாலகணேசும் பாண்டிதுரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் கிருபாபாய் மடவார் வளாகத்தில் வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டாள். செவ்வாயும் சனியும் சார் அங்கே போவார். அங்கே பிறந்தவன்தான் பெலிக்ஸ். தெருவுக்கே தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நோட்டில் ஏறாத பிள்ளையைத் தெரு கண்ணால் பார்க்காது.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில், பதினோரு நாள் இடைவெளியில், பாலகணேசும் போனான், பாண்டிதுரையும் போனான். மூத்தவனுக்கு ஒரே மகள்; பெண்பிள்ளைக்கு நோட்டில் இடம் இல்லை. இளையவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி வந்த இரண்டு உடம்புக்கும் சாரே கொள்ளி வைத்தார். எழுபது வயதுக்காரர் மகனுக்குக் கொள்ளி வைப்பதை நாலே பேர்தான் பார்த்தார்கள். அதற்கு மேல் ஆளை விடவில்லை. சார் அழவில்லை. பெரிக்ளீஸ் வீட்டிலும் இப்படித்தான் கொள்ளைநோய் புகுந்தது, இரண்டு மகன்களையும் வாரிக்கொண்டு போனது என்று தேற்ற வந்தவர்களிடம் அவரே சொன்னார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோய் அவரையும் தொட்டுவிட்டுத்தான் போனது. நுரையீரல் காய்ந்த பஞ்சாக ஆகிவிட்டது என்றார் டாக்டர். போன தைமாதம், "இன்னும் ஒரு வருஷம் ஓடினால் பெரிசு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே சார் தீர்மானித்துவிட்டார். சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் எரிந்த இடத்தில் தானும் எரிய வேண்டும். பெற்ற மகன் கையால் எரிய வேண்டும். சீட்டில் விழுந்த ஆள் கையால் அல்ல.

கையில் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரோடு பஸ் ஏறி மடவார் வளாகத்துக்குப் போனார். வைத்தியநாத சுவாமி கோயிலில் உச்சிகால மணி அடித்துக்கொண்டிருந்தது. பெலிக்ஸுக்கு அன்று வார விடுமுறை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீஷியன். இருபத்து மூன்று வயது. தகப்பனின் உயரம், தாயின் வாய்.

சார் விஷயத்தைச் சொல்லி முடித்தார். பெலிக்ஸ் வேறொரு வழி சொன்னான்.

"முனிசிபாலிட்டி எடம் இருக்கேப்பா. அங்கன்னா யாரும் நம்மளக் கேக்க மாட்டாக. நானே வைப்பேன்."

"உங்க அண்ணன்மாரு அங்க இல்லயேய்யா" என்றார் சார்.

"என் பேரு பெலிக்ஸ். அந்தப் பேருலயே ஏத்துவாகளா?"

"உன் பேருலதான். நோட்டுக்கு மதம் கெடயாது. தாய் தகப்பன்தான் கணக்கு. அதத்தான் சபையில தளத்தணும்."

"எப்படித் தளத்துவாக? நீங்க போட்ட விதிதான?"

சார் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்தார். பெரிக்ளீஸ் கதையைச் சொன்னார். சட்டம் போட்டவரே சபை முன்னால் போய் நின்றார். வேற்றூர்க்காரி வயிற்றில் பிறந்த மகன் ஒருத்தன்தான் மிச்சம், அவனை என் பேரில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஏதென்ஸ் மனமிறங்கியது, ஏற்றிக்கொண்டது. சொல்லும்போது சாருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் கண் பளபளவென்று இருந்தது.

"பொறவு அந்த மகன் என்ன ஆனான்?"

சார் ஒரு கணம் தயங்கினார். "தளபதி ஆனான்" என்றார்.

கிருபாபாய் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவிய ஆசப்படுறாவ. ஒத்துக்கடா" என்றாள். பெலிக்ஸ் டம்ளரைத் தொடவில்லை.

"மாரிசெல்வம் அண்ணன் என் மில்லுலதான் பிட்டரு. நான் யாரு மகன்னு தெரிஞ்சுதான் எனக்கு வேல சொல்லிக் குடுத்தாரு. ஒரு நாளும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல. அவரை வெளிய நிப்பாட்டிட்டு நான் எப்படிப்பா உள்ள வர?"

"உன் பேரு ஏறட்டும். மறு நிமிஷம் அவன் பேரை நானே சபையில வைக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியமாய்யா" என்றார் சார். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னார். அதில் சந்தேகமே வேண்டாம்.

பங்குனி ஞாயிறு காலை பத்து மணிக்குச் சபை கூடியது. தலைவரோடு சேர்த்து நூற்றுப்பதினெட்டுத் தலைக்கட்டு. பெலிக்ஸ் மண்டபத்து வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நின்றான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி மாரிசெல்வமும் நின்றான். பெலிக்ஸ்தான் வரச் சொல்லியிருந்தான். ஐம்பதை நெருங்கிவிட்ட ஆள், முன்தலை நரைத்துவிட்டது. சட்டைப்பையில் ஒரு மனு மடித்து வைத்திருந்தான்.

சார் எழுந்தார். முப்பது வருஷமாக அந்த மேடையில் அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு மைக் வைத்தும் முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. ஆட்கள் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"இந்த விதிய நான்தான் போட்டேன். இல்லைன்னு சொல்லல. எனக்கு ரெண்டு சிங்கக்குட்டி இருக்குன்னு திமிருல போட்டேன். இப்ப ரெண்டும் இல்ல. எனக்குப் பொறவு என் வீட்டுல வெளக்கு வைக்க, எனக்குக் கொள்ளி வைக்க, அந்தா வாசல்ல நிக்கானே, அவன் ஒருத்தன்தான். அவனைப் பெத்தவ இந்தத் தெரு இல்ல. ஆனா என் பொண்டாட்டிய ஆறு மாசம் பீ மூத்திரம் அள்ளிப் பாத்தவ..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. பேச்சிலேயே வாழ்ந்த மனிதர் மேடையில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு பிள்ளைகளை எரித்தபோது வராத அழுகை. சிலிண்டர் காலில் இடறிச் சாய்ந்து உருண்டது. முன்வரிசைக்காரர் ஒருத்தர் எழுந்து ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். பின்னால் எங்கேயோ ஒரு மில் தொழிலாளி, "ஏத்துங்கப்பா, பாவம்ப்பா" என்று சத்தமாகவே சொன்னான்.

தலைவருக்குக் கொட்டை கிடையாது, மற்ற நூற்றுப்பதினேழு பேரும் போட்டார்கள். புளி தொண்ணூற்றைந்து, வேம்பு இருபத்திரண்டு. எழுத்தர் மாரிசாமி நோட்டைத் திறந்து கடைசித் தலைக்கட்டாகச் சு. பெலிக்ஸ் என்று எழுதி, சாரிடம் காட்டினான். சார் அந்த மைமேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பெலிக்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் தோளில் தட்டி, கையில் ஒரு புளியங்கொட்டையும் ஒரு வேப்பங்கொட்டையும் கொடுத்தார்.

சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் எழுந்தார். "இன்னொரு மனு இருக்கு" என்றார். மாரிசெல்வம் வாசலில் இருந்தபடியே மனுவை நீட்ட, அது கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது. இரண்டே வரி. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன், இருளம்மாள் மகன், என் பேரை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். சபையில் சலசலப்பு எழுந்தது. சாருக்கு இரக்கம் காட்டினால் சரி, இது என்ன, வாசலையே திறந்துவிடுகிற கதையாக இருக்கிறதே என்றார் ஒருத்தர். இதைப்போல இன்னும் முப்பது வீடு இருக்கிறது என்றார் இன்னொருத்தர். நின்று தர்க்கம் பண்ணின ஆட்களில் பாதிப்பேர் கால் மணி நேரத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்.

மறுபடி குடம் சுற்றி வந்தது. இந்தத் தடவை நூற்றுப்பதினெட்டுக் கொட்டை. மாரிசாமி தரையில் துண்டை விரித்து எண்ணினான். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினான்.

"புளி அம்பத்தொம்பது. வேம்பு அம்பத்தொம்பது."

சமன் வந்தால் தலைவர் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒளித்துப் போடுகிறவன் தலைவன் இல்லை என்று சாரே ஒரு காலத்தில் எழுதி வைத்த நடைமுறை. முப்பது வருஷத்தில் ஒரு தடவையும் சமன் வந்ததில்லை. ஓட்டுப் போட்ட முதல் நாளே பெலிக்ஸ் அந்த ஒரு கொட்டையால் சமன் கொண்டுவந்துவிட்டான் என்பது சாருக்கு உடனே புரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

செயலாளர் சமுத்திரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு காதோரம் வந்தார். கையில் ஒரு தாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் கேளுங்க. இதுல இருவத்திரண்டு கையெழுத்து இருக்கு. இருவது இருந்தா இன்னைக்கு எடுத்த முடிவை இன்னைக்கே மறுபடி எடுக்கலாம். நீங்க வச்ச விதிதான். நீங்க இவனுக்குச் சம்மதம்னு சொன்னா, அவிய உங்க மகன் பேரை மறுபடி ஓட்டுக்கு விடுவாவ. ஏமாத்திட்டாருன்னு கோவத்துல இருக்கையில எம்புட்டுப் புளி விழும்னு நெனைக்கிய?"

"நீயும் இதுல போட்டிருக்கியாலே?"

"நான் போடல. ஆனா தடுக்கவும் என்னால முடியாது." சமுத்திரம் குரலை இன்னும் தாழ்த்தினார். "மாரிசெல்வத்துக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கா?"

சார் நிமிர்ந்து பார்த்தார். நூற்றுப்பதினெட்டு முகமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசலில் மாரிசெல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பத்தாம் வகுப்பில் பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்பதுபோல. பெலிக்ஸ் கடைசி வரிசையில் லேசாகச் சிரித்தான். அப்பாவால் இனி என்ன சொல்லிவிட முடியும் என்கிற நம்பிக்கைச் சிரிப்பு.

என்ன சொல்ல வேண்டும் என்று சாருக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் சபை நடத்திய மனிதருக்கு நியாயம் எந்தப் பக்கம் என்று ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது சபையோ ஏதென்ஸோ அல்ல, தன் உடம்பு. சுடுகாட்டுச் சிதையில் தான் கிடப்பதும், சீட்டுக் குலுக்கி எவனோ வந்து பேசிச் சிரித்தபடி நெருப்பை வைத்துவிட்டுப் போவதும். பயம் வந்தது. வெட்கமில்லாத பயம்.

சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மறுப்பு" என்றார்.

ஒரு சொல்தான். மைக்கில் தெளிவாகவே கேட்டது. எவரும் கைதட்டவில்லை. சமுத்திரம் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் இருந்து மாரிசெல்வம், "சரிங்க சார்" என்றான். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். தெருவில் கொஞ்ச தூரத்தில் இருளம்மாள் நின்றிருந்தாள். மகன் வருகிற நடையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திரும்பி அவனுக்கு முன்னால் நடந்தாள்.

பெலிக்ஸ் எழுந்து நேராக எழுத்தரின் மேசைக்கு வந்தான். "அண்ணே, அந்தச் செவப்புப் பேனாவக் குடுங்க" என்றான். மாரிசாமி சாரைப் பார்த்தான். சார் ஒன்றும் சொல்வதற்குள் பெலிக்ஸே பேனாவை எடுத்து, இன்னும் சரியாகக் காயாத தன் பேரின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தான்.

"எய்யா, வேணாம்யா" என்றார் சார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சபை முழுக்க அது கேட்டது. "உனக்காகத்தான்யா சொன்னேன். உன் பேரு போயிரக் கூடாதுன்னுதான்."

"எனக்காகவாப்பா?" பெலிக்ஸின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சார் தாங்கியிருப்பார். "உங்க கதையப் பூரா வாசிச்சேன்ப்பா. தளபதியானான்னு சொன்னியள்ல, அந்த மகனை அதே ஏதென்ஸ் சபைதான் பொறவு ஓட்டுப் போட்டுக் கொன்னுச்சு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

சாருக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும். வகுப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் அவர் நடத்தியதே இல்லை.

"இன்னைக்கு என்னை இரக்கப்பட்டுத்தான உள்ள விட்டாக. அந்த இரக்கம் மாரிசெல்வம் அண்ணனுக்கு ஒரு கொட்டை குறைஞ்சுபோச்சு. அதை நீங்க போட்டிருக்கலாம்." பெலிக்ஸ் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வருவேன்ப்பா. பாடையத் தூக்குவேன். மதிலு வரைக்கும்."

அவன் மண்டபத்தைவிட்டு இறங்கிப் போவதை நூற்றுப்பதினேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்த யாரும் எழவில்லை.

மாரிசாமி நோட்டைத் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி மேடைக்கு வந்தான். "சார், அடிச்சதுக்குப் பக்கத்துல தலைவர் கையெழுத்து வேணும்" என்றான். நடைமுறை அதுதான். சார் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியன் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. கிருபாபாய்.

"என்னங்க, சபை முடிஞ்சுதா? பெலிக்ஸ் போனை எடுக்க மாட்டேங்கான். நான் இங்க சாமி படத்துக்கு முன்னாலயே முட்டி போட்டு இருக்கேன். பேரை ஏத்திட்டாவளா?"

சார் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"ஏத்துனாவ, கிருபா" என்றார்.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று அந்தப் பக்கம் அவள் குரல் உடைந்தது. "இனி உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நிம்மதியா இருங்க." அவள் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். சார் அதை நிறுத்தவும் முடியாமல், போனை வைக்கவும் முடியாமல், சபையெல்லாம் பார்க்கக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.